யார் யாரைக் கொத்தலாம்?
கோழிச் சமூகத்தின் சட்டத்தைக் கண்டறிந்த கதை

ஒரு கை நொய்யரிசியை அள்ளி, பத்துப் பன்னிரண்டு கோழிகள் மேயும் முற்றத்தில் வீசிப் பாருங்கள். எல்லாம் ஒன்றாக ஓடி வரும். ஆனால் எல்லாம் ஒன்றாகத் தின்பதில்லை. ஒரு பெட்டை நடுவில் நின்று நிதானமாகப் பொறுக்கும். வேறொன்று அருகில் வந்தால் அதன் தலையில் ஒரு கொத்து விழும். கொத்து வாங்கிய கோழி திருப்பிக் கொத்தாது. விலகிப் போய், தனக்கு இளைத்த இன்னொன்றைக் கொத்தும். ஓரத்தில் ஒரு கோழி கழுத்தைக் குறுக்கிக்கொண்டு, மற்றவை நகரட்டும் என்று காத்திருக்கும். சேவலோ தானியத்தின் முன் நின்று, தான் தின்னாமல், 'குக்குக்குக்' என்று பெட்டைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

கோழி மனிதனோடு வாழத் தொடங்கி ஏறக்குறைய 3,500 ஆண்டுகள் ஆகின்றன என்று தாய்லாந்தில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 2022-இல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை காலமும் இந்தக் காட்சி நடந்துகொண்டுதான் இருந்தது. பார்த்தவர்கள் கோடிக்கணக்கானோர். ஆனால் எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தவர் ஒருவர்தான். அவரும் அப்போது சிறுவர்!

நோட்டுப் புத்தகமும் கோழிகளும்

தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே என்பது அவர் பெயர். நார்வே நாட்டின் தலைநகரில் 1894-இல் பிறந்தார். ஓஸ்லோ என்று இன்று நாம் அழைக்கும் அந்த நகருக்கு அக்காலத்தில் கிறிஸ்டியானியா என்று பெயர். தாயும் தந்தையும் சிற்பிகள். கோடைக் காலத்தில் குடும்பம் கிராமத்து வீட்டுக்குப் போகும். அங்கே இருந்த கோழிகள்மேல் ஆறு வயதிலேயே பையனுக்குப் பற்று விழுந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தான். பத்து வயதாகும்போது, எது எதைக் கொத்துகிறது, எது எதற்கு வழி விடுகிறது என்று எழுதத் தொடங்கிவிட்டான்.

இதில் என்ன பெரிய காரியம் என்று கேட்பீர்கள். பெரிய காரியம்தான். 'கோழிகள் ஒன்றையொன்று கொத்துகின்றன' என்று சொல்பவருக்கு ஒரு கூட்டம் தெரிகிறது; கோழிகள் தெரிவதில்லை. இந்தப் பையனுக்குக் கறுப்பியும் வெள்ளைச்சியும் தனித்தனியே தெரிந்தன. கூட்டத்தைப் பார்ப்பதை விட்டு, இரண்டு இரண்டாகக் கோழிகளைப் பார்த்தான். அதுதான் முறையின் உயிர்நாடி.

பள்ளிக் கணக்கு ஒன்றை இங்கே போட்டுப் பார்க்கலாம். ஐந்து கோழிகள் இருந்தால் எத்தனை இணைகள்? பத்து. பத்துக் கோழிகள் இருந்தால் நாற்பத்தைந்து. பன்னிரண்டு இருந்தால் அறுபத்தாறு. இந்த அறுபத்தாறு இணைகளிலும் 'கொத்துவது யார், கொத்துப்படுவது யார்' என்பது முடிவாகியிருக்கிறது என்பதைத்தான் அவர் கண்டார். இரண்டு கோழிகள் முதன்முதலாகச் சந்திக்கும்போது சண்டை நடக்கும், அல்லது ஒன்று சண்டையின்றியே பணிந்துவிடும். அன்று ஏற்பட்ட முடிவு பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது. அதற்குப் பின் சண்டை தேவையில்லை. ஒரு பார்வை, கழுத்தின் ஒரு அசைவு போதும். எல்லா இணைகளையும் அடுக்கிப் பார்த்தால் மேலிருந்து கீழாக ஒரு வரிசை வருகிறது. முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தும். கடைசிக் கோழிக்குக் கொத்துவதற்கு ஆளே இல்லை.

வரிசை எப்போதும் நேர்கோடாக இருப்பதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. சில கூட்டங்களில் முதலாவது இரண்டாவதைக் கொத்தும். இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும். மூன்றாவது வந்து முதலாவதைக் கொத்தும்! இப்படி முக்கோணங்கள் உண்டு. ஒழுங்கான விதி ஒன்று கிடைத்ததும் அதற்கு ஒத்துவராதவற்றை ஒதுக்கிவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். அவருக்கு அது வரவில்லை.

அவருடைய முதல் கட்டுரை 1913-இல், பத்தொன்பது வயது நிறைவதற்கு முன்பே வெளியாயிற்று. கோழிகளின் குரலைப் பற்றிய அக்கட்டுரையை வெளியிட்டது 'நாட்டூரன்' என்ற நார்வே இதழ். பொதுமக்களுக்கான அறிவியல் இதழ்தான் அது! புகழ் பெற்ற கட்டுரை 1922-இல் ஜெர்மன் மொழியில், உளவியல் இதழ் ஒன்றில் வந்தது. கொத்து வரிசை என்ற கருத்து அதன் வழியே உலகுக்குப் போயிற்று. ஆங்கிலத்தில் அது 'பெக்கிங் ஆர்டர்' ஆகி, இன்று அலுவலகங்களைப் பற்றிப் பேசுபவர்கள்கூடக் கோழியை நினைக்காமலே அச்சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

கண்டுபிடித்தவருக்கு நேர்ந்தது

அவருடைய சொந்த வாழ்க்கை அத்தனை நன்றாக நடக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் அவரை ஆதரித்தவர் விலங்கியல் பேராசிரியை கிரிஸ்டீனே பொன்னெவி. 1912-இல் நார்வேயின் முதல் பெண் பேராசிரியராக ஆனவர் அவர், பெரிய ஆராய்ச்சியாளர். பிற்காலத்தில் ஷெல்டெருப்-எப்பேயின் மகன் கூறியபடி, பேராசிரியையைக் கேலி செய்யும் கட்டுரை ஒன்று வெளிவந்தது; அதை எழுதியது இந்த மாணவர்தான் என்று கருதப்பட்டது. தாம் எழுதவில்லை என்று அவர் மறுத்தும் பயனில்லை. ஆதரவு நின்றது. தாய்நாட்டில் அவர் விரும்பிய டாக்டர் பட்டமும் பதவியும் கிடைக்கவில்லை. வெளிநாடுகளில் அவர் பெயர் பாடப் புத்தகங்களில் ஏறிக்கொண்டிருந்தபோது, சொந்த ஊரில் அவர் ஓரத்தில் நின்றார். 1976-இல் காலமானார்.

இந்தக் கசப்பும் சேர்ந்ததால்தானோ என்னவோ, பறவைகளின் வாழ்க்கை முழுவதும் கொடுங்கோன்மையில் அமைந்தது என்று 1930-களில் அவர் எழுதினார். பறவைகளோடு நிறுத்தவுமில்லை, உலகத்துக்கே அதுதான் அடிப்படை என்றார். கோழிக் கூட்டில் கண்டதை உலகம் முழுவதற்கும் நீட்டுவது அறிவியலுக்கு ஏற்றதல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவ்வாறு நீட்டியவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. 'இயற்கையிலேயே மேல் கீழ் உண்டு, பாருங்கள்' என்று சொல்ல விரும்பியவர்களுக்குக் கோழி ஒரு நல்ல சாட்சியாகக் கிடைத்தது.

மறுபக்கம் பேசியவர் அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இருந்த வார்டர் ஆலீ. போரை வெறுக்கும் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். விலங்குகள் கூடி வாழ்வதால் பெறும் நன்மைகளையே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். கொத்து வரிசை என்பது கொடுமையா, சண்டையைக் குறைக்கும் ஏற்பாடா என்ற கேள்வி அவர் கூடத்தில் சோதனையாக மாறியது.

கூட்டத்தைக் கலைத்தால் என்ன ஆகும்?

ஆலீயின் மாணவர் ஏ. எம். கூல் பின்னாளில் கான்சாஸில் கோழிகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர். இருவரும் 1944-இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. சில கூட்டங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். வேறு சில கூட்டங்களில் அடிக்கடி ஒரு பழைய கோழியை எடுத்துவிட்டு ஒரு புதிய கோழியை விட்டார்கள். வரிசை நிலைக்கவே முடியாத நிலைமை. பலன்? கலைக்கப்பட்ட கூட்டங்களில் கொத்தல் அதிகம், தீனி எடுப்பு குறைவு, எடை ஏறுவது குறைவு, முட்டையும் குறைவு. நிலைத்த கூட்டத்தில் கடைசிக் கோழிக்குக்கூட அமைதி கிடைத்தது.

கோழி வளர்க்கும் வீடுகளில் இது நாள்தோறும் பயன்படும் உண்மை. சந்தையில் வாங்கிய ஒரு கோழியைத் தன்னந்தனியாகப் பழைய கூட்டத்தில் விட்டால் அது எல்லா இணைகளிலும் புதிதாகச் சண்டையிட வேண்டும். சில நாள் பஞ்சாரத்தில் அடைத்துப் பக்கத்தில் வைத்து, மற்றவை பார்த்துப் பழகியபின் விடுவது அதன் சிரமத்தைக் குறைக்கும்.

ஒரு கோழி மற்றொன்றை எதைக் கொண்டு அடையாளம் காண்கிறது? கூலும் ஒரு சக ஆராய்ச்சியாளரும் 1953-இல் கோழிகளுக்கு மாறுவேடம் போட்டார்கள்! இறகுக்குச் சாயம் பூசினார்கள். கொண்டையின் தோற்றத்தை மாற்றினார்கள். உடலில் செய்த மாற்றத்தைவிடத் தலையிலும் கழுத்திலும் செய்த மாற்றமே கோழிகளை அதிகம் குழப்பியது. நேற்றுவரை பணிந்தது இன்று அந்நியனைப் போலத் தாக்கப்பட்டது. ஆக, நாம் முகத்தைப் பார்ப்பதுபோலவே அவையும் பார்க்கின்றன.

இந்த ஆராய்ச்சி பிற்காலத்தில் எங்கே கொண்டுவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் 1982-இல் ஒரு சோதனை தொடங்கினார். அதிக முட்டையிடும் தனிக் கோழியைப் பொறுக்கி எடுப்பது வழக்கம். அவரோ ஒரு தந்தைக்குப் பிறந்த பெட்டைகளை ஒரே கூண்டில் வைத்து, கூண்டு முழுவதையும் ஒரு அலகாக எண்ணித் தேர்ந்தெடுத்தார். இரண்டாம் தலைமுறையில் ஆண்டுக்கு 68 சதவீதமாக இருந்த சாவு நான்காம் தலைமுறையில் 8.8 சதவீதமாக இறங்கியது. பக்கத்துக் கோழியைக் கொத்திக் கொல்லாத கோழிகளே நல்ல கூண்டை அமைத்தன. தனியாக நிறுத்தி மதிப்பெண் போட்டால் இது தெரிந்திருக்காது.

கொண்டையின் இரகசியம்

இனி சேவலிடம் வருவோம். சேவலைச் சேவலாக்குவது எது? இதற்கு விடை தேடியவர் ஷெல்டெருப்-எப்பேக்கு மிகவும் முந்தியவர். ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் இருந்த அர்னால்டு பெர்தோல்டு, ஆறு இளஞ்சேவல்களில் செய்த சோதனையை 1849-இல் வெளியிட்டார். விரைகளை முற்றிலும் நீக்கிய சேவல்களுக்குக் கொண்டை சிறுத்தது, கூவவில்லை, சண்டையில்லை, பெட்டைகளைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. மற்றவற்றுக்கு விரையை அதன் இடத்திலிருந்து எடுத்து வயிற்றுக்குள் வேறிடத்தில் வைத்தார். அவை முழுச் சேவலாகவே வளர்ந்தன. பழைய நரம்புத் தொடர்பு அறுந்துவிட்டது. அப்படியானால் ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகிறது என்று முடிவு கட்டினார். ஹார்மோன் என்ற சொல்லே பிறக்காத காலம் அது!

அந்த 'ஏதோ ஒன்று' டெஸ்டோஸ்டீரோன் என்று 1935-இல் தெரிந்தது. நான்கு ஆண்டுகளில் ஆலீயும் அவர் குழுவினரும் அதைப் பெட்டைகளுக்கு ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார்கள். பெட்டைகளுக்குக் கொண்டை பெருத்தது, சில கூவவும் செய்தன, வரிசையில் மேலேறின. இரத்தத்தில் ஓடும் ஒரு பொருள் சமூகத்தில் ஓர் உயிரின் இடத்தை மாற்றுகிறது என்பதைக் கண்ணெதிரே காட்டிய சோதனை அது.

சேவலின் நடனம்

ஒரே முற்றத்தில் இரண்டு வரிசைகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பெட்டைகளுக்குள் ஒரு வரிசை, சேவல்களுக்குள் ஒரு வரிசை. வளர்ந்த சேவல் பொதுவாக எல்லாப் பெட்டைகளுக்கும் மேலே. ஆனால் அது பெட்டைகளை அதிகம் கொத்துவதில்லை.

அதற்குப் பதில் சேவல் செய்வதை நீங்கள் கவனித்திருக்கலாம். ஒரு பக்கத்து இறக்கையைத் தரையில் உரசும்படி தாழ்த்தி, பெட்டையைச் சுற்றிப் பக்கவாட்டில் குறுகிய அடிகளாக வைத்துச் சுழலும். ஆங்கிலத்தில் இதை நடனத்தின் பெயரால் 'வால்ட்ஸ்' என்கிறார்கள். பெட்டை விலகி ஓடலாம். அல்லது இறக்கையைச் சற்று விரித்துக் குந்தலாம். குந்தினால் சேவல் பெட்டையின் பிடரி இறகை அலகால் பற்றி ஏறி மிதிக்கும். சேவலுக்குத் தனியான உறுப்பு இல்லை. இரண்டின் கழிவாய்களும் ஒரு கணம் ஒட்டி விலகும். சில விநாடிகளில் காரியம் முடிந்துவிடும். பெட்டை எழுந்து உடலை உதறிக்கொண்டு மேயப் போய்விடும். அதன் முட்டைக் குழாயில் மிக நுண்ணிய பைகள் இருக்கின்றன. அவற்றில் விந்தணுக்கள் இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு தங்கும். சேவலை விற்றபின்பும் சில நாள்வரை பெட்டையிடும் முட்டைகள் பொரிப்பது இதனால்தான்.

பல சேவல்கள் இருந்தால் என்ன நடக்கிறது? கூலும் துணைவர்களும் 1945-இல் வெள்ளை லெகார்ன் கூட்டங்களில் பார்த்தார்கள். முதல் சேவல் மற்றவற்றைத் துரத்தி இடையூறு செய்ததால் கீழ்ச் சேவல்கள் சேர்வது குறைந்தது. வரிசையில் கடைசியாக நசுங்கிப்போன சேவல் ஒன்று, மேலானவற்றை எடுத்துவிட்ட பிறகும் பெட்டைகளை நெருங்கத் துணியவில்லை! அதன் உடலில் குறையில்லை. இதை 'உளவழிக் காயடிப்பு' என்ற பொருளில் ஒரு கடுமையான சொல்லால் குறித்தார்கள். மறு ஆண்டில், பிறக்கும் குஞ்சுகளின் பரம்பரை அடையாளங்களைக் கொண்டு தந்தையைக் கண்டறிந்தபோது, பெரும்பாலான குஞ்சுகள் மேல்நிலைச் சேவலுடையவையாக இருந்தன.

இத்துடன் கதை முடிந்தது என்றே நீண்ட காலம் எண்ணினார்கள். சேவல்கள் போட்டியிடும், வென்றது தந்தையாகும், பெட்டைக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை. கொத்து வரிசையையே பெட்டைகளிடம்தான் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்தால் இந்த மறதி வியப்பாக இருக்கிறது.

பெட்டையின் தீர்ப்பு

கூண்டிலிருந்து வெளியே வந்தபிறகுதான் பார்வை மாறியது. நிக்கலஸ் காலியாஸும் அவர் மனைவி எல்சியும் நம் வட இந்தியக் காடுகளில் சிவப்புக் காட்டுக்கோழியைப் பார்த்து 1967-இல் எழுதினார்கள். வீட்டுக்கோழியின் முதல் மூதாதை அதுதான். (தென்னிந்தியக் காடுகளில் கூவுவது வேறோர் இனமான சாம்பல் காட்டுக்கோழி. அதற்கும் பங்கு உண்டு: பல வீட்டுக்கோழிகளின் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு அதனிடமிருந்து வந்தது என்று 2008-இல் தெரியவந்தது.) ஆஸ்திரேலியாவில் மக்பிரைடும் துணைவர்களும் ஒரு தீவில் காட்டுத்தனமாகத் திரிந்த வீட்டுக்கோழிகளை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்டார்கள். அங்கே ஒரு சேவல், அதற்கென ஓர் எல்லை, கூடவே சில பெட்டைகள் என்று குடும்பங்கள் அமைந்திருந்தன. ஓடிப் போக இடமிருந்தால் பெட்டையின் விருப்பத்துக்கும் மதிப்பு வருகிறது.

1990-இல் மார்லீன் ஜுக் குழுவினர் குடற்புழு தொற்றிய சேவலையும் தொற்றாத சேவலையும் பெட்டைகளின் முன் நிறுத்தினார்கள். பெட்டைகள் தொற்றாததையே அதிகம் தேர்ந்தன. பார்த்தது பளபளக்கும் வாலையல்ல. கொண்டையின் பருமனையும் சிவப்பையும். இறகு முளைத்துவிட்டால் பழைய செய்தியைத்தான் சொல்லும். கொண்டையோ இன்றைய உடல்நிலையைக் காட்டும். பெர்தோல்டின் சேவல்களை நினைவுகூருங்கள்.

பிறகு ஸ்வீடனில் நடந்த ஆராய்ச்சி. தொம்மாசோ பிட்சாரியும் டிம் பர்க்ஹெட்டும் 2000-இல் வெளியிட்டதைப் படித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கீழ்நிலைச் சேவல் பலவந்தமாக ஏறினால் பெட்டை தடுக்க முடியாமல் போகலாம். ஆனால் சேவல் இறங்கியதும் அதன் விந்தைப் பெட்டை வெளியே தள்ளிவிடுகிறது! மேல்நிலைச் சேவலுடையதை அவ்வளவாகத் தள்ளுவதில்லை. இதன்றி, கீழ்நிலைச் சேவல் தொல்லை கொடுக்கும்போது பெட்டை உரக்க அலறும்; அலறல் கேட்டு மேல்நிலைச் சேவல் ஓடி வந்து விரட்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கூல் எண்ணிய குஞ்சுக் கணக்கில் பெட்டையின் கையும் இருந்திருக்கக் கூடும் அல்லவா?

சேவல்களும் சும்மா இருப்பதில்லை. தானியம் கண்டு 'குக்குக்குக்' என்று அழைப்பதைத் தொடக்கத்தில் பார்த்தோம். பீட்டர் மார்லர் குழுவினர் 1986-இல் கண்டபடி, நல்ல தீனிக்கு அழைப்பு மிகுதி. அதே சேவல் சில வேளைகளில் தின்ன முடியாத ஒரு துண்டைக் காட்டியும் அழைக்கிறது. பெட்டை தூரத்தில் இருந்து, துண்டு என்ன என்று பார்க்க முடியாதபோதுதான் இந்தப் பொய் அதிகம்! கீழ்நிலைச் சேவலுக்கோ கூப்பிடவே பயம். குரல் கேட்டால் மேலாளன் வந்து அடிப்பான். சிட்னியில் கரோலின் ஸ்மித்தும் கிறிஸ் எவான்சும் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அது குரலை விட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டித் தீனியைக் காட்டுகிறது. மேல்நிலைச் சேவலின் கவனம் வேறெங்கோ இருக்கும் நேரம் பார்த்துக் குரலையும் சேர்த்துக்கொள்கிறது.

கூவுவதிலும் இந்த வரிசை உண்டு என்பது அண்மையில் தெரிந்தது. சேவல் வெளிச்சத்தைப் பார்த்துக் கூவுவதாகத்தான் நாம் நினைத்திருந்தோம். மங்கிய விளக்கொளி மாறாமல் எரியும் அறையிலும் சேவல் தன் உடற்கடிகாரப்படி வேளை தவறாமல் கூவுகிறது என்று ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிம்முராவும் யோஷிமுராவும் 2013-இல் காட்டினார்கள். 2015-இல் சேவல்களைக் கூட்டமாக வைத்துக் கேட்டார்கள். விடியுமுன் முதலில் கூவியது எப்போதும் முதல்நிலைச் சேவல்தான். அடுத்து இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று வரிசைப்படியே மற்றவை கூவின. கடைசிச் சேவலின் உடற்கடிகாரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அது தன் முறைக்குக் காத்திருந்தது. முதல் சேவலை வேறிடத்துக்குக் கொண்டுபோனபோது, இரண்டாவது சேவல் முதலில் கூவத் தொடங்கியது.